மறுபடி மேடமும் மூன்றாம் மூட்டையும்

அண்ணியைப் பற்றி நாத்தனார் நல்லதாக நாலு வரி எழுதப்போகிறாள் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "ஜுரம் கிரம் இருக்கா பாரு" என்று என் வீட்டுக்காரர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். சிரிக்கட்டும். எனக்கும் அண்ணிக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. என் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டில் யார் யாரிடம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இரண்டு பெண்கள் சண்டை போடாமல் இருந்தால்தான் அதிசயம். அந்த அதிசயத்துக்கு நாங்கள் என்றைக்கும் இடம் கொடுத்ததில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். என் அண்ணன் இன்றைக்கு நடமாடிக்கொண்டிருப்பது அந்த மனுஷியால்தான்.

அண்ணிக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூலிகை வேர்களுக்குள் என்னென்ன பொருள், எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். வேரைக் கழுவி, சீவி, உலர்த்தி, பொடித்து, ஏதேதோ திரவத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்து, அதில் ஒரு சொட்டை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். இயந்திரம் திரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போகும். வேரில் ஏதாவது இருந்தால் அந்தக் கோடு குன்றுபோல எழும்பி இறங்கும். குன்று எவ்வளவு பெரிதோ அவ்வளவு சரக்கு. இதை எனக்குப் புரியவைக்க அண்ணி பட்ட பாட்டை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வேலையைச் சொன்னால் யாரும் அவரைச் சும்மா விடுவதில்லை. மாடிப்படியில் ஏறும்போதே ஒருவர் முட்டி வலிக்கு வேர் கேட்பார், இன்னொருவர் முடி கொட்டுவதற்குக் கேட்பார். "நான் அளக்குறவ, வைத்தியம் பாக்குறவ இல்லங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் அம்மா அடுப்படியில் இருந்து, "கொஞ்சம் உப்பு போடும்மா" என்றார். "கொஞ்சம்னா எவ்வளவு அத்தை?" என்று கேட்டார் அண்ணி. கிண்டல் பண்ணுகிறாள் என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அது கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிற கேள்வி என்று புரிய எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

வேலை செய்கிற இடத்தில் அவருக்குப் பெயர் 'மறுபடி மேடம்'. எந்த அளவு வந்தாலும், "மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்பாராம். அதைவிட வேடிக்கை, தினமும் காலையில் போனதும் வேர் எதுவும் போடாத வெறும் திரவத்தைத்தான் முதலில் இயந்திரத்துக்குக் கொடுப்பாராம். கோடு படுத்தே கிடக்க வேண்டும், ஒரு சின்ன மேடுகூட எழும்பக் கூடாது.

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு அண்ணி அளக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லாததை இல்லைன்னு சொல்லுதான்னு முதல்ல பாக்கணும். அப்பதான் அது இருக்குன்னு சொன்னா நம்பலாம்."

"மனுஷங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை, முதலில் சோதிக்க வேண்டிய ஆள் நான்தானாம், அது பிடிபட்டதும் கோபம் வந்தது.

இனி அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மட்டும் போட்டுப் பிழைக்கிற ஒரே மனிதர் எங்கள் குடும்பத்தில் அவர்தான். எங்கள் அப்பா மாரடைப்பில் போனவர், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அண்ணனுக்கும் அதே ரத்தம், அதே கொழுப்பு. இந்தக் கதைக்கு முந்தின வருஷம் வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்மணி நன்றாகவே கற்றிருந்தார், நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை கொடுத்து, இதை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு அண்ணனுக்குக் கால் வலி வந்தது. தொடையும் கெண்டைக்காலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும் என்பார். பிரேக்கை மிதிக்கிற காலை வைத்துத்தானே பிழைப்பு? சாயங்காலம் மாடியேறி வரும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஏறுவார். அண்ணி பக்கத்தில் வந்து உட்காருவார். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பார். "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்பார். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்பார் அண்ணன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கொடியின் வேர் வந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் அரைத்துக் குடிப்பார்கள். அந்த வேரில் கொலஸ்ட்ராலைக் குறைக்கக்கூடிய பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செடிகொடிகளில் ஸ்டிரால் என்று ஒன்று உண்டாம். கொலஸ்ட்ராலுக்குப் பங்காளி முறை, அச்சு அசல் அதே சாடை. நாம் சாப்பிடும்போது குடலில் கொலஸ்ட்ரால் ஏறி உட்கார வேண்டிய சீட்டில் இது முந்திக்கொண்டு துண்டைப் போட்டுவிடும். இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் வந்த வழியே வெளியே போய்விடும். அண்ணி இப்படிச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் துண்டு போடுவதைப் பற்றி அவருக்கு விளக்கவே வேண்டாம்.

மூன்று மலைச்சரிவுகளில் தோண்டிய வேர் மூன்று மூட்டையாக வந்து இறங்கியது. அன்றைக்கென்று பார்த்து வேர் சீவுகிறவர் மகளின் பிரசவத்துக்கு லீவு போட்டிருந்தார். பச்சை வேர், போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கூடத்தின் தலைவருக்குக் கனத்த கண்ணாடி, எங்கள் வீட்டில் அவர் பெயர் கண்ணாடிக்காரர். அவர் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் யாராவது உதவிக்கு வர முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைவலி என்று நான் கழன்றுகொண்டேன். அண்ணன் மட்டும் உற்சாகமாகக் கிளம்பினார். வேரைச் சீவினால் பால் வடிந்து விரல் எல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது என்று முந்தின நாள் அண்ணி அலுத்துக்கொண்டதை அவர் மனதில் வைத்திருந்தார். ஒரு மூட்டையையாவது தான் சீவிக் கொடுத்தால் அவள் விரல் தப்புமே என்று நினைத்தார்.

முதல் மூட்டையை அண்ணியும் இரண்டாவதைக் கண்ணாடிக்காரரும் வாட்ச்மேனும் உள்ளே சீவினார்கள். மூன்றாவது மூட்டையோடு அண்ணன் பின்கட்டு ஷெட்டில் காற்றாட உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கும் அண்ணிக்கும் ஒரு புதுச் சண்டை முளைத்தது. அவர் அடுப்படியில் இருந்த சின்ன எண்ணெய் பாட்டிலைக் காணோம். கண்ணாடி மூடி போட்ட பாட்டில், ஒரு சொட்டுகூட வெளியே வழியாமல் ஊற்றலாம் என்று அவர் தேடிப் பிடித்து வாங்கியது. கடைசியாக அதைக் கடன் கேட்டு வந்தவள் நான். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னேன். "சரி, இருந்தா பாரு" என்றார் அண்ணி. 'இருந்தா பாரு' என்றால் என்ன அர்த்தம்? நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்றுதானே? ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு நாள் அண்ணனே வாயெல்லாம் பல்லாக வந்தார். அளவு வந்துவிட்டது. முதல் இரண்டு மூட்டைகளிலும் ஸ்டிரால் சுமார்தான். மூன்றாம் மூட்டையில் அதைப்போல இரண்டு பங்கு. அந்தச் சரிவு மண்ணில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லையாம். அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது பற்றி மேலிடத்தில் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

"நான் சீவின மூட்டை" என்றார் அண்ணன், ஏதோ அவரே பயிர் பண்ணிய மாதிரி.

அன்று சாப்பிடும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப இனிமே இந்த மாத்திரையை விட்டுடலாமா?"

"அளவுதான் வந்திருக்கு, மருந்து வரல" என்றார் அண்ணி. "அந்த அளவும் எனக்கு இன்னும் சரியாப் படல. மறுபடி பாக்கணும்."

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா மறுபடி மேடம்" என்றேன் நான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

அவருக்கு உறுத்தியது ஒரு சின்ன மேடு. மூன்றாம் மூட்டைக்கு இயந்திரம் போட்ட படத்தில் பெரிய குன்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குன்று எழும்பியிருந்தது. மற்ற இரண்டு மூட்டைகளில் அது இல்லை. ஒரே கொடி, ஒரே வேர், இதில் மட்டும் இது யார் வீட்டு விருந்தாளி? கழுவிய தண்ணீரைச் சோதித்தார். உலர்த்திய தட்டைச் சோதித்தார். பொடிக்கிற இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தார். குட்டிக் குன்று அசையவில்லை. கடைசியில் அதே மூன்றாவது சரிவிலிருந்து புதிதாக வேர் வரவழைத்து, லீவு முடிந்து வந்தவரைச் சீவச் சொல்லி அளந்தார். அதில் ஸ்டிராலும் சுமார், குட்டிக் குன்றும் இல்லை. கண்ணாடிக்காரர் அந்தப் புது மூட்டையின் மேல் சந்தேகப்பட்டார், அண்ணி பழைய மூட்டையின் மேல். வீட்டிலும் அதே யோசனைதான். ஒருநாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு போட்டார். அவர் கையால் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

இதற்கிடையில் அண்ணன் நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தார். கைப்பிடியைத் தொடாமல் மாடியேறினார். "கால் வலி போயே போச்சு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி உலர்த்திவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தால், என் அடுப்படியில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் பலகை, கத்தி, அந்தப் பச்சை வேர். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. கூடத்துக்கு வேர் கொண்டுவருகிற வண்டிக்காரர் அண்ணனிடம் ஓட்டக் கற்றவர், அவர் மூலமாக வாங்கியிருக்கிறார்.

"எங்க வீட்ல கொதிக்க வெச்சா உங்க அண்ணி மோப்பம் பிடிச்சிடுவா" என்றார். "கொஞ்ச நேரம், முடிச்சிட்டுப் போயிடறேன்."

"அண்ணே, இதையா குடிக்கிற? எத்தனை நாளா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் அண்ணி நின்றார். எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கும், எந்த ரகசியம் இங்கே தங்கியிருக்கிறது? கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் அண்ணன். நான் ஒரு பெரிய ரகளையை எதிர்பார்த்து ஓரமாக ஒதுங்கினேன்.

அண்ணி வேரைப் பார்க்கவில்லை. அடுப்பையும் பார்க்கவில்லை. அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் பளபளவென்று மின்னின.

"கையில என்னங்க?"

"எண்ணெய். பால் ஒட்டாம இருக்கறதுக்கு."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்தான்."

"அன்னைக்கு ஷெட்ல சீவும்போதும் தடவினீங்களா?"

"ஆமா. நீ குடுத்த கையுறை கத்தியோட ஒட்டிக்கிச்சு, கழட்டிப் போட்டுட்டேன். கையில, கத்தியில, பலகையில எல்லாம் நல்லா தடவிக்கிட்டுதான் சீவினேன். ஒரு பாட்டில் பூரா காலி. பிசுக்குன்னு ஒரு துண்டு ஒட்டலையே! ஏன், தப்பா?"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எள்ளில் ஸ்டிரால் ஏராளமாம். எள்ளுக்கே உரிய இன்னொரு பொருளும் அதில் இருக்கிறதாம், அதுதான் அந்தக் குட்டிக் குன்று. "உங்க கை எண்ணெயைத்தாங்க நான் இவ்வளவு நாளா அளந்துக்கிட்டிருந்தேன்" என்றார். "சரிவும் இல்ல, மண்ணும் இல்ல. அந்த மூட்டையில இருந்த விசேஷம் நீங்கதான்."

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அண்ணியின் முகம் மாறியது. "மாத்திரை?" என்று கேட்டார்.

அண்ணன் பலகையில் கிடந்த துண்டுகளை ஒதுக்க ஆரம்பித்தார்.

"மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"அளவு வந்த அன்னைக்கே விட்டுட்டேன்மா. கால் வலி தாங்கல. இதுதான் இருக்கேன்னு..."

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தார், கொதித்ததைத் தொட்டியில் கொட்டினார். புடவைத் தலைப்பால் அண்ணனின் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். "சட்டையைப் போடுங்க, கிளம்பலாம்" என்றார். அப்பா படுத்திருந்த கட்டில் என் கண்முன்னால் வந்து நின்றது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் பழைய உயரத்துக்கே ஏறியிருந்தது. "ஸ்டென்ட் வெச்ச உடம்பு இது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா உங்களை ஸ்ட்ரெச்சர்ல பாத்திருப்பேன்" என்றார். எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கால் வலி என்றார் அண்ணன்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் திரும்பி அண்ணனைப் பார்த்தோம். சொல்லிட்டேன், சொல்லிட்டேன் என்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அண்ணியும் ஒரே கட்சியில் நின்றது அநேகமாக அதுதான் முதல் தடவை.

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிலருக்கு அந்தப் பழைய மாத்திரையால் இந்த வலி வருவது உண்டு, சொன்னால் மாற்றித் தர வழி இருக்கிறது என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த மனிதர் என் அடுப்படியில் வேர் சீவியிருக்கிறார்.

மறுநாள் அண்ணி அண்ணனையும் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை தலைவலி இல்லை, நானும் போனேன். ஒரே வேரை இரண்டாக வெட்டினார்கள். ஒரு பாதியைச் சுத்தமான கையால் சீவச் சொன்னார், மறு பாதியை எண்ணெய்க் கையால். இரண்டையும் உலர்த்திப் பொடித்து ஓட்டியபோது, எண்ணெய்க் கைப் பாதியில் குன்றும் எழும்பியது, பக்கத்தில் குட்டியும் எழும்பியது. அந்தப் புட்டியில் 'வீட்டுக்காரர் கை' என்று சீட்டு ஒட்டியிருந்தார் அண்ணி. கூடமே சிரித்தது. அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மேலிடத்தில் பேசிவிட்டவர் அவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒரு தடவையாவது சரி, போதும்னு விடக் கூடாதாம்மா?" என்றார். பிறகு இரண்டு பாதிகளின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல வேளை. ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்ததுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா?" என்று சொல்லிவிட்டு, தானே போனை எடுத்து அந்த அளவு தப்பு என்று மேலிடத்துக்குச் சொன்னார். அந்த மனிதர் மீதும் எனக்கு மரியாதை வந்தது. வேர் ஆராய்ச்சி நிற்கவில்லை, உண்மையான அளவோடு இன்னும் நடக்கிறது.

புது மாத்திரையில் அண்ணனுக்குக் கால் வலி வரவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் மருந்துக் கடைக்குப் போனார். நானும் அண்ணியும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணி, எங்க அப்பாவுக்கு உங்களை மாதிரி யாரும் இல்ல. அண்ணனுக்கு நீங்க இருந்தீங்க. நான் உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த அளவு வந்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்றார். "இவர் கைப்பிடியைப் புடிச்சு மாடியேறுறது என் கண்ணுக்குள்ளயே நிக்கும். இவருக்கு ஒரு வழி பொறந்துடுச்சுன்னு நினைச்சேன். அது நெசமா இருக்கணும்னு நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். அதனாலதான் அதை நம்பப் பயமா இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேர்ப்பால் பட்டுப் பட்டுச் சொரசொரவென்று இருந்தது. இந்தக் கையில் பால் படக் கூடாது என்றுதானே அண்ணன் அன்றைக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு போனார் என்று நினைத்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சின்ன பாட்டில் ஷெட்ல, ஜன்னல் மேல இருந்துச்சு" என்றார். "நீ எடுக்கல."

"அதைத்தானே அன்னைக்கிலிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"தெரியும். இருந்தாலும் மறுபடி ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லலாம்னுதான்."

அண்ணன் மருந்துப் பையோடு திரும்பி வந்து, எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார். நாங்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தோம். மூவரும் எழுந்து நடந்தோம். வாசல் படிகளில் அண்ணன் எங்களுக்கு முன்னால் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனார்.